நீங்க முதல்ல வாங்கிக்கோங்க

வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிற ஷாங்காய்க்காரர் திடீரென்று திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்க முதல்ல வாங்கிக்கோங்க" என்று வழிவிட்டால் நெகிழ்ந்துபோய்விடாதீர்கள். சட்டியில் ஆறிப்போன நாலு மிச்சம் கிடக்கிறது என்று அர்த்தம். அதை உங்கள் தலையில் கட்டிவிட்டு, அடுத்த சட்டி இறங்கியதும் சுடச்சுட முதல் தட்டைத் தான் வாங்கிக்கொள்ளலாம் என்கிற கணக்கு அது. மரியாதையாம், மரியாதை!

சுன்லியனுக்கு இந்தச் சூதெல்லாம் அத்துப்படி. மெட்ரோ நிலையத்தை ஒட்டிய வணிக வளாகத்தின் அடித்தளத்தில் ஒரு ஃபுட் கோர்ட். அதன் மூலைக்கடையில் அவள் ஆறு வருஷமாக ஷெங்ஜியன் பிடிக்கிறாள். உள்ளங்கையில் அடங்குகிற மாவுருண்டைதான் ஷெங்ஜியன். உள்ளே கொத்திய பன்றிக்கறியும், வேகும்போது உருகிச் சாறாகிற, தோலைக் காய்ச்சி உறையவிட்ட கூழ்க்கட்டியும் இருக்கும். அடிப்பக்கம் எண்ணெயில் முறுகும், மேல்பக்கம் ஆவியில் பஞ்சாக வேகும். நாலு கொண்டது ஒரு தட்டு. சாறு ஒழுகாதபடி உருண்டைக்கு வாய் கட்டுவது சுன்லியன் வேலை. சட்டி கோங் மாஸ்டருடையது. அந்த இரும்புச் சட்டி அடுப்பில் இருக்கும்போது வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

கடை சின்னது. வாய் கட்டுகிற மேசை பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஆறு வருஷமாகச் சுன்லியன் பார்த்துக்கொண்டிருந்தது வெள்ளை ஓடு பதித்த அந்தச் சுவரைத்தான். சட்டி, வரிசை, வாடிக்கையாளர் எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால்.

அன்று புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்கே முதலாளியம்மா லூ உர்ரென்ற முகத்தோடு வந்தாள்.

"உங்க கோங் மாஸ்டர் நேத்து ராத்திரி ரயிலேறிட்டான். மகளுக்கு ரெட்டைப் பிள்ளையாம். இனிமே பேரனுங்களைத் தூக்கிக்கிட்டு ஊரோட இருக்கப் போறானாம். போறவன் ஒரு வாரம் முன்னாடி சொன்னா வாய் முத்தா உதிர்ந்திடும்?"

"நல்ல செய்திதானே அக்கா" என்றாள் மெய்ஃபாங். கல்லாவில் நின்று ஆர்டர் வாங்குகிறவள் அவள். சோங்மிங் தீவுக்காரி. எந்த நேரத்தில் எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சரியாக அந்த நேரத்தில் சொல்வாள்.

"அவனுக்கு நல்ல செய்தி. எனக்கு? சரி, எங்க அக்கா மருமகன் ஆத்துக்கு அந்தப் பக்கம் புதோங்ல சட்டி போடறான். ரெண்டு மணிக்கு இங்க வந்து கடையைப் பார்க்கிறான். பிடிச்சிருந்தா நாளையிலேருந்து அவன்தான்."

"ஆளுங்களோட வருவாரா?" என்றாள் மெய்ஃபாங்.

"பின்னே? அவன் பொண்டாட்டியும் கொழுந்தியாளும்தான் அவனுக்கு வாய் கட்டறது." சொல்லிவிட்டு முதலாளியம்மா ஏதோ விளக்கு எரியவில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்தாள்.

சுன்லியன் கையிலிருந்த மாவைக் கீழே வைத்தாள். இந்தத் தொழிலில் மாஸ்டர் தனியாக வரமாட்டான், தன் கைகளையும் கூட்டிக்கொண்டுதான் வருவான். வந்தவன் கை உள்ளே போனால் இருந்தவள் கை வெளியே. நாற்பத்தாறு வயதில் எங்கே போவாள்? வீடு துடைக்கப் போகலாம். அல்லது ஒன்றரை மணி நேரம் மெட்ரோவில் நின்றுகொண்டே போய், நகரத்தின் மறுகோடியில் வேறு யாருக்காவது வாய் கட்டலாம். ஆனால் அவளுக்கு இந்த மூலை பிடித்திருந்தது. இந்த மாவு பிடித்திருந்தது. இந்த வாயாடி மெய்ஃபாங்கைக்கூடப் பிடித்திருந்தது.

"இன்னிக்கு மத்தியானம் யாரு சட்டி போடறது?" என்று கேட்டாள்.

"யாரு போடறது? கடை லீவுதான்."

"நான் போடறேன்."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம். முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயா? அந்தச் சட்டி என்ன கனம்னு தெரியுமா உனக்கு?"

"தினம் ராத்திரி அதைக் கழுவறது யாருன்னு நினைச்சீங்க?"

மெய்ஃபாங் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளியம்மா சிரிக்கவில்லை. விரலில் போட்டிருந்த பச்சைக்கல் மோதிரத்தைச் சுற்றிச் சுற்றி யோசித்தாள்.

"சரி. ஒரு மத்தியானம், அவ்வளவுதான். ஆனா கேட்டுக்கோ, ஷென் ஐயா இன்னிக்கு வருவார். அவர் சாப்பிட்டுத் தட்டைக் காலி பண்ணார்னா நாம மேற்கொண்டு பேசலாம். மூஞ்சியச் சுளிச்சார்னா இந்த வளாகம் முழுக்கச் சேதி போயிடும், அப்புறம் நானே நினைச்சாலும் உன்னை வெச்சுக்க முடியாது. நான் ஒண்ணரை மணிக்கு வரேன்."

ஷென் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் பரிசோதகர். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடியே வாழ்க்கை முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகு தேடக் கண்ணாடி இல்லை, ஷெங்ஜியனில் தேடினார். தினமும் பன்னிரண்டு மணிக்கு வருவார். சொந்தமாக ஒரு சின்னக் குப்பியில் வினிகர் கொண்டுவருவார். அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் ஒரு கடையை விட்டுப் போனால் பின்னாலேயே முப்பது பேர் போவார்கள்.

பதினொன்றரைக்குச் சுன்லியன் முதல் சட்டியை ஏற்றினாள். எண்ணெய் விட்டாள். வெளி வட்டத்திலிருந்து உள்ளே, ஒன்றையொன்று முட்டாமல் அறுபது உருண்டைகளை அடுக்கினாள். தண்ணீர் ஊற்றினாள். குப்பென்று ஆவி கிளம்பியது, மரமூடியைப் போட்டாள். இதுவரை குறையில்லை.

அதற்குப் பிறகுதான் வினை. அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் சட்டி இருக்கும்போது நேருக்கு நேர் நின்று அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மூடி இடுக்கில் ஆவி வருகிறதே, இவ்வளவு வரலாமா? ஒரு பக்கம் குறைவாக வருகிறதே? திறந்து பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. மூடினாள். மனசு கேட்கவில்லை, மறுபடி திறந்தாள். மூன்றாம் தடவை திறந்தபோது கருகல் வாடை வந்தது. அரக்கப்பரக்க இறக்கினாள்.

நடுவிலிருந்தவை அடி கருகிப் போயிருந்தன. ஓரத்திலிருந்தவை பல்லில் ஒட்டுகிற பச்சை மாவு. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். உள்ளே கறி உதிரி உதிரியாகக் காய்ந்து கிடந்தது. சாறெல்லாம் வெடித்துச் சட்டியில் ஓடி, அங்கே கரியாகிவிட்டது.

"அடுப்பு சரியில்ல. இடது பக்கத் தீ கம்மியா எரியுது" என்றாள்.

"ஆமா ஆமா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் மெய்ஃபாங். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுக்கா. கோங் மாஸ்டர் எத்தனை சட்டி கருக்கியிருப்பார், யார் கண்டா?" என்று தணிந்தாள்.

அறுபது உருண்டை குப்பைக்குப் போனது. அதைவிட மோசம், எதிர்ப்பக்கத்து நூடுல்ஸ் கடையில் நின்றிருந்த வூ அம்மா அதைப் பார்த்துவிட்டாள். சக்கரம் வைத்த காய்கறிப் பையை இழுத்துக்கொண்டு தினமும் வருகிறவள். அவளுக்கு ஒன்று தெரிந்தால் அது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மாதிரி.

பன்னிரண்டு அடிக்கும்போது வரிசை நின்றுவிட்டது. முதல் ஆளாக ஷென் ஐயா, அவருக்குப் பின்னால் வூ அம்மா, அப்புறம் கழுத்தில் அட்டை தொங்கும் அலுவலகக்காரர்கள். மொத்தம் பதினைந்து பேர் இருக்கும். வூ அம்மா முன்னால் குனிந்து எதையோ ஓதினாள். ஷென் ஐயா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அடுப்பை எட்டிப் பார்த்தார். கோங் மாஸ்டர் இல்லை. வாய் கட்டுகிறவள் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாவது சட்டிக்குத் தண்ணீர் ஊற்றி மூடி போட்டதும் சுன்லியன் உருண்டை அடுக்கி வைக்கும் தட்டுகளைப் பார்த்தாள். முதல் சட்டி வீணானதில் பிடித்து வைத்தது தீர்ந்துவிட்டது. அடுத்த சட்டிக்கு ஒரு உருண்டைகூட இல்லை. பிடித்தாக வேண்டும். பிடிப்பதென்றால் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். இது இப்போது கருகினால் எல்லாம் முடிந்தது. ஆனால் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த சட்டி இல்லை.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். மாவை இழுத்தாள், கறியை வைத்தாள், மடித்தாள்.

பின்னால் சட்டி சோவென்று கொதித்தது.

கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் காதுக்குச் சத்தம் உறைத்தது. அந்தச் 'சோ' கொஞ்சம் மெலிந்தது. இந்த இடத்தில் கோங் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டியைக் கால் வட்டம் திருப்புவார். எத்தனையாயிரம் தடவை கேட்டிருக்கிறாள்! எழுந்துபோய் இடுக்கியால் சட்டியின் விளிம்பைப் பற்றித் திருப்பினாள். இடது பக்கக் குறைந்த தீக்கு மேல் இப்போது சட்டியின் வேறு பக்கம் வந்தது. இதற்காகத்தானா அந்த மனுஷன் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்? திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"பாருங்களேன், சட்டியை அடுப்புல விட்டுட்டு அந்தம்மா சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கு" என்று வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"முதல் சட்டி கருகிப்போச்சு. பாவம், மனசு விட்டுப் போச்சு போல" என்றது வூ அம்மாவின் குரல்.

சுன்லியனுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. 'சோ' போய் மெல்லிய 'சிர்ர்' வந்தது. தண்ணீர் வற்றுகிறது. இன்னொரு திருப்பு. மறுபடி வந்து மூன்று உருண்டை பிடித்தாள். 'சிர்ர்' நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் 'பட்' என்று வெடித்தது. இப்போது இல்லை. இன்னும் கொஞ்சம். படபடவென்று சேர்ந்து வெடிக்கத் தொடங்கிய நிமிஷம் எழுந்தாள், எள்ளையும் வெங்காயத்தாளையும் அள்ளினாள், மூடியைத் தூக்கித் தூவினாள், இறக்கினாள்.

ஓரத்திலிருந்து ஒன்றைக் கரண்டியால் லேசாகத் தூக்கி அடியைப் பார்த்தாள். பொன் நிறம். நடுவிலும் அதே பொன் நிறம். கடவுளே என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சூடா இருக்கு! யாருக்கு எத்தனை தட்டு?" என்று மெய்ஃபாங் கூவினாள்.

ஷென் ஐயா திரும்பி வூ அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க முதல்ல வாங்கிக்கோங்க."

"ஐயய்யோ, வயசுல பெரியவங்க நீங்க. நீங்கதான்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"எனக்கு மட்டும் என்ன, வீட்ல தொட்டிலா ஆடுது?" வூ அம்மா பின்னால் நின்ற இளைஞனைப் பிடித்தாள். "தம்பி, உனக்கு ஆபீஸுக்கு நேரமாகுதே, நீ முதல்ல வாங்கு."

"இல்லங்க ஆன்ட்டி, மீட்டிங் தள்ளிப்போச்சு" என்று அவன் பின்னால் நின்ற பெண்ணுக்கு வழிவிட்டான். அவள் போனை எடுத்துக் காதில் வைத்து, மணி அடிக்காத போனில் பேச ஆரம்பித்தாள்.

புது ஆள் போட்ட சட்டி, அதுவும் ஒரு தடவை கருக்கியவள். யார் முதலில் வாயை வைப்பார்கள்? பதினைந்து பேரும் ஒருவரையொருவர் உபசரித்தார்கள், உபசரித்தார்கள், அப்படி உபசரித்தார்கள். கல்யாண வீட்டில்கூட அவ்வளவு உபசாரம் நடக்காது. ஷென் ஐயா நைசாக நழுவி, எதிரே இருந்த மேசையில் போய் உட்கார்ந்து, குப்பியிலிருந்து வினிகரை ஊற்றி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

சுன்லியன் கரண்டியோடு நின்றாள். ஒரு திட்டாவது திட்டியிருந்தால் பரவாயில்லை. இப்படிச் சிரித்துச் சிரித்துக் கழுத்தறுக்கிறார்களே! அத்தனை உருண்டையும் கண்ணெதிரே ஆறிக்கொண்டிருந்தன. ஆவி குறையக் குறைய அவளுக்குக் கோபம் ஏறியது. ஆறிப்போனால் நல்ல ஷெங்ஜியனும் கெட்ட ஷெங்ஜியன்தான். 'நல்லாத்தான் இருக்கு, தின்னுத் தொலைங்களேன்' என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அப்போது மெட்ரோ பக்கத்திலிருந்து ஒரு பெண் பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து வரிசைக் கடைசியில் நின்றாள். முழங்கால் வரை தடிமனான கோட்டு. கன்னமெல்லாம் சிவப்பு. அவள் நின்ற மறுநிமிஷம் முன்னால் இருந்தவன் வழிவிட்டான். அவனுக்கு முன்னால் இருந்தவளும் விட்டாள். பெட்டியோடு அவளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கல்லாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஹார்பின்லேருந்து வரேன். ஷாங்காய்க்காரங்க வெளியூர்க்காரங்களை மதிக்க மாட்டாங்கன்னு எங்க ஊர்ல சொல்லித்தான் அனுப்பினாங்க. எவ்வளவு பெரிய பொய்!" என்று வரிசையைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். "ரொம்ப நன்றி. எல்லாருக்கும் ரொம்ப நன்றி."

வரிசை முழுக்கத் தன் தன் செருப்பைப் பார்த்தது.

சுன்லியன் நடு வட்டத்திலிருந்து, இன்னும் சூடு தணியாத நாலைத் தேர்ந்து தட்டில் வைத்தாள். அந்தப் பெண் உட்கார இடம் தேடினாள். எல்லா மேசையும் நிரம்பியிருந்தது. ஷென் ஐயாவுக்கு எதிர் நாற்காலி மட்டும் காலி.

"பெரியவரே, இங்க உட்காரலாமா?"

"உட்காரும்மா" என்றார் அவர். அவருக்கு வசதியாகப் போயிற்று. அடுத்தவள் வாயில் பரிசோதனையை முடித்துக்கொள்ளலாம்.

ஷெங்ஜியனை எப்படித் தின்ன வேண்டும் என்று அந்த ஊரில் பால் பல் முளைக்கும்போதே தெரிந்துவிடும். ஓரத்தில் எலி கொறித்த மாதிரி ஒரு சின்னத் துளை, அதில் வாயை வைத்துச் சாற்றை உறிஞ்சுவது, அப்புறம் வினிகரில் தொட்டுக் கறியும் மாவும், கடைசியாக அந்த முறுகல் அடி. ஹார்பின் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவள் ஊரில் சாறு கிண்ணத்தில் இருக்கும், உருண்டைக்குள் இருக்காது. அவள் ஒன்றை எடுத்தாள், வாயை அகலத் திறந்தாள், நடுவில் ஓங்கி ஒரு கடி கடித்தாள்.

சர்ரென்று சாறு பீறிட்டது. மேசையைத் தாண்டி நேராகப் போய் ஷென் ஐயாவின் வலது கண்ணாடியில் அடித்து, மூக்கில் இறங்கி, மேலுதட்டில் வந்து நின்றது.

"ஐயோ!" என்றாள் அவள், வாயெல்லாம் வெந்து. "ஐயோ, பெரியவரே! மன்னிச்சிருங்க! இதுக்குள்ள யாரு தண்ணி ஊத்தினது?"

ஃபுட் கோர்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போயும் போயும் இவர் மூஞ்சியிலா? எல்லாம் போச்சு என்று சுன்லியன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஷென் ஐயா அசையவில்லை. பிறகு நாக்கு நுனி மட்டும் வெளியே வந்து, மேலுதட்டில் நின்றதைத் தொட்டுவிட்டு உள்ளே போயிற்று. மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. குழல்விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதில் வழிந்திருந்த சாற்றைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம் போகுமா?

"தெளிவா இருக்கு" என்றார். கண்ணாடியைச் சாய்த்தார். "திட்டுத் திட்டா எண்ணெய் நிக்கல. உதடு ஒட்டற அளவுக்குக் கெட்டி." எதிரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "அவ்வளவு தூரம் அடிக்கணும்னா உள்ள ஒரு கரண்டி சாறு இருந்திருக்கணும்."

வூ அம்மா மேற்கொண்டு கேட்கக் காத்திருக்கவில்லை. காய்கறிப் பையை முன்னால் தள்ளி, "எனக்கு ரெண்டு தட்டு!" என்று கத்தினாள்.

"ஆன்ட்டி, நான் உங்களுக்கு முன்னாடி!"

"உனக்குத்தான் மீட்டிங் தள்ளிப்போச்சே!"

காதில் போன் வைத்திருந்த பெண் போனைப் பைக்குள் போட்டுவிட்டு முழங்கையால் வழி பண்ணினாள். ஷென் ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து வருவதற்குள் வரிசை இருந்த இடம் தெரியவில்லை, கும்பல்தான் இருந்தது.

"நான்தான் முதல்ல நின்னேன்!" என்றார்.

"அவசரமில்லன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?" என்று யாரோ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே அவர் கடைசியில் போய் நின்றார்.

பத்து நிமிஷத்தில் சட்டி காலி. கணக்குக்கு மேல் அடுக்கியிருந்த ஒன்றே ஒன்று அடியில் கிடந்தது. மெய்ஃபாங் அதைக் குச்சியால் தூக்கி, "இந்தா, நீயும்தான் தின்னு பாரு" என்று சுன்லியன் வாயில் திணித்தாள். சுன்லியன் ஓரத்தைக் கொறித்து உறிஞ்சினாள். சாறு இன்னும் சூடாக, கறியின் இனிப்பும் லேசான இஞ்சியுமாகத் தொண்டையில் இறங்கியது. அடி மொறுமொறுவென்று உடைந்தது. ஆறு வருஷத்தில் அவள் தின்றதெல்லாம் கடை மூடும்போது ஆறிக் கெட்டியானவைதான். சூடானது வாடிக்கையாளருக்கு. 'இதுக்காகத்தான் இவங்க இப்படி அடிச்சுக்கறாங்களா?' என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. அவர்கள்மேல் இருந்த கோபமும் கொஞ்சம் குறைந்தது.

முதலாளியம்மா லூ சொன்னபடி ஒன்றரை மணிக்கு வந்தாள். நகரும் படிக்கட்டில் இறங்கும்போதே வரிசையின் வால் அவள் காலில் தட்டியது. ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்தால், ஷென் ஐயா மூன்றாவது சட்டியின் நாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு ஐயா?"

"அடி ஒரு நூல் கூடுதலா முறுகிடுச்சு" என்றார் அவர், வாயில் சாற்றோடு.

முதலாளியம்மாவின் முகம் சுருங்கியது. "அப்படின்னா...?"

"பேச வைக்காதேம்மா, ஆறிடும்." நாலையும் தின்றார். தட்டைப் பார்த்தார். பிறகு குப்பியிலிருந்து இன்னும் கொஞ்சம் வினிகரை ஊற்றிக்கொண்டு, "இன்னொரு தட்டு சொல்லு" என்றார்.

சுன்லியன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து சட்டியைத் திருப்பினாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், இறக்கினாள், மறுபடி உட்கார்ந்தாள். முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. முதலாளியம்மா கல்லாவுக்குள் நுழைந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நீ சட்டியைப் பார்க்கவே இல்லையே?"

"காதுல கேக்குது அக்கா."

"சட்டி போடறது சரி. ஆனா ரெண்டு வேலையும் ஒரே ஆளு எத்தனை நாளைக்கு ஓட்டுவ? அவன் வந்தா மூணு பேரா வருவான்."

கேட்டது நியாயம்தான். தட்டில் பன்னிரண்டு உருண்டை இருந்தது. அடுத்த சட்டிக்கு அறுபது வேண்டும். வெளியே நாற்பது பேர் நின்றார்கள். சட்டி படபடக்க ஆரம்பித்தது, சுன்லியன் எழுந்து போனாள்.

இறக்கிவிட்டுத் திரும்பியபோது அவள் முக்காலியில் ஆள் இருந்தது. முதலாளியம்மா பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றி மெய்ஃபாங்கிடம் கொடுத்துவிட்டு, இரண்டு முழங்கை வரை மாவோடு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாப்பிள்ளை, ரயிலேறிட்டீங்களா? இல்லையா? ஏறாதீங்க... ஆமா. இங்க ஆளு இருக்கு... உங்க மாமியார்கிட்ட நான் பேசிக்கறேன். வாய் கட்டத்தான் ஒரு ஆள் தேவைப்படும், அதை நான் பார்த்துக்கறேன்." போன் நழுவி மாவில் விழுந்தது. அதை எடுக்காமல் கையிலிருந்த உருண்டையைத் தூக்கிக் காட்டினாள். "இது சரியா இருக்கா?"

சுன்லியன் பார்த்தாள். வாய் பிளந்து கறி எட்டிப் பார்த்தது. முதலாளியம்மா என்பது ஒரு கணம் மறந்துபோயிற்று.

"என்னக்கா இது, கொட்டாவி விடற மாதிரி இருக்கு! இன்னும் இறுக்கிக் கட்டுங்க. இப்படியே சட்டியில போட்டா சாறு ஒரு சொட்டு மிஞ்சாது."

முதலாளியம்மா உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரித்தாள். புதிதாக மடிக்கத் தொடங்கினாள்.

"ஆகட்டும் மாஸ்டர்" என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை, குனிந்து மடித்துக்கொண்டே இருந்தாள். சுன்லியனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் நிற்கவில்லை. இரண்டு கையிலும் எண்ணெய், துடைக்கவும் வழியில்லை. கன்னத்தில் வழிய வழிய நாற்பது பேர் எதிரில் நின்று தட்டுத் தட்டாக எடுத்து வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நின்னு அழு, அக்கா" என்றாள் மெய்ஃபாங், அடுத்த தட்டை வாங்கிக்கொண்டு. "இந்தச் சட்டிக்கு உப்பு சரியா இருக்கு."